சாயிமாவின் இரும்பு வளையம்

தின்கன்ஜூன் மைதானத்தில் ஞாயிறு காலை பேஸ்பால் ஆட வருகிறவர்கள் முதலில் சாயிமாவிடம் மட்டையைக் காட்டியாக வேண்டும். வாரம் முழுக்கக் கணக்கு டியூஷன் எடுப்பவள், ஞாயிறு மட்டும் நடுவர். கையில் ஓர் இரும்பு வளையம் வைத்திருப்பாள். மட்டையின் தடித்த பகுதி அதற்குள் தடையில்லாமல் நுழைந்தால் ஆடலாம், சிக்கினால் மட்டை பைக்குள் போக வேண்டியதுதான். பெரிய மனிதர், சின்ன மனிதர் என்றெல்லாம் அவள் பார்ப்பதில்லை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இதே மைதானத்தில் அவள் பந்து எறிகிறவளாக இருந்தாள். யாரோ பழைய அலுமினிய மட்டை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். உள்ளே வெறுங்கூடு, வெளியே மெல்லிய தகடு. பந்து பட்டதும் தகடு அமுங்கி எழுந்து எட்டி உதைக்கும். அப்படி வந்த பந்துக்குக் கையைத் தூக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. இடது கன்னத்து எலும்பு நொறுங்கியது, அந்தக் கண்ணின் பார்வையும் பாதிக்கு மேல் போனது.

உலோக மட்டையும் மரமட்டை அளவுக்குத்தான் துள்ள வேண்டும் என்று அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் அதற்கு முன்பே விதி வந்துவிட்டது என்பதை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் படித்தாள். அங்கே கழித்துக்கட்டியது இங்கே தன் முகத்தில் வந்து விழுந்திருக்கிறது. பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. மட்டை பற்றிய விதி ஒன்று விடாமல் படித்தாள், லேத் பட்டறையில் வளையத்தைக் கடைந்து வாங்கினாள். குழிந்த கன்னத்தைப் பர்மியப் பெண்களைப் போலத் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி மறைக்கவும் இல்லை.

இந்த ஞாயிறு பர்கத்துல்லா, கார்பன் இழை அடுக்குகளால் ஆன கரிநார் மட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். பந்து, கையுறையெல்லாம் அவர் தயவில்தான் வருகின்றன. வளையம் பாதியில் சிக்கிக்கொண்டது.

“சோதிச்சுப் பார்த்த முத்திரை இருக்குல்ல, ம சாயிமா?” பர்மிய வழக்கப்படி பெயருக்கு முன் மரியாதைக்கு ‘ம’ சேர்த்துக் கேட்டார்.

“அது புதுசுல குத்தினது, நானா. இத உருளையில விட்டு நசுக்கியிருக்காங்க.”

நசுக்கினால் மட்டையின் உருண்டை வடிவம் கெடும், உள்ளடுக்குகள் தளர்ந்துபோகும், பந்து புதுமட்டையில் பறப்பதைவிட வேகமாகப் பறக்கும். பழகிய மட்டையையும் சோதிக்க வேண்டும் என்ற விதி அதனால்தான் வந்தது.

பர்கத்துல்லாவின் முகம் கறுத்தது. “அப்ப என் சாமானையெல்லாம் எடுத்துட்டுப் போறேன். அடுத்த வாரம் வேற நடுவர வச்சிக்கிறோம். அரைக்கண்ண வச்சிக்கிட்டு நடுவராம்.”

இந்த ஞாயிறு ஆட்டம்தான் சாயிமாவுக்கு உயிர். எதிரே பந்தெறிய நின்றிருந்த இக்ராவைப் பார்த்தாள். பத்தொன்பது வயசு, முகத்தில் கீறல்கூட இல்லை.

“மிச்ச அரைக்கண்ணு இதுக்குத்தான் இருக்கு, நானா. இன்னிக்கு நான்தான் நடுவர். மட்டைய வெளிய வைங்க.”

பர்கத்துல்லா மட்டையையும் பந்துப் பையையும் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அடிக்க நின்ற தனசேகரன் மூலையில் கிடந்த பழைய மரமட்டையை எடுத்து வந்து நீட்டினான். வளையம் வழுக்கிக்கொண்டு போனது.

மைதானத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பந்து, இக்ராவின் கையில்.

“எறி,” என்றாள் சாயிமா.