தொப்பியை இறக்கிவிட்டுப் பேசுகிறவர்

தென்காசி பழைய பஸ் நிலையத்து ஆட்டோக்காரர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. "அண்ணாச்சி தொப்பி இறங்கியாச்சு" என்று ஒருவர் சொன்னால் போதும், மற்றவர்கள் டீ டம்ளரோடு சுந்தரபாண்டியின் வண்டிப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். அண்ணாச்சி அரசியல் பேசப்போகிறார் என்று அதற்கு அர்த்தம். காக்கிச் சட்டையும் பச்சை வட்டத் தொப்பியுமாகத்தான் அவர் வண்டி ஓட்டுவார். தொப்பியில் அவர் முன்பு இருந்த பட்டாலியனின் பித்தளைச் சின்னம் தினமும் துடைத்த பளபளப்போடு இருக்கும். அது தலையில் இருக்கிற வரைக்கும் பிரதமரைப் பற்றியோ மந்திரிகளைப் பற்றியோ அவர் வாயிலிருந்து ஒரு சொல் வாங்க முடியாது. யாராவது கிண்டிவிட்டால் பதில் சொல்வதற்கு முன் தொப்பியைக் கழற்றி முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் பதவிசாக வைப்பார். அப்புறம் கேட்க வேண்டுமா, வெளுத்து வாங்கிவிடுவார்.

இந்த வழக்கம் அவராக ஏற்படுத்திக்கொண்டது அல்ல. அச்சன்புதூரில் அண்ணன்மார் மூன்று பேரும் நெல் வயலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, பத்தொன்பது வயதில் வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் ஆள் எடுக்கிற மைதானத்தில் ஓடிப் பட்டாளத்தில் சேர்ந்தவர் அவர். சேர்ந்த புதிதில் ஒருநாள் ரேடியோவில் யாரோ ஒரு மந்திரி பேச, சாப்பாட்டுக் கூடத்தில் வைத்தே கேலி செய்துவிட்டார். பக்கத்தில் நின்றவர் பால்வண்ணநாதன். அவரும் தென்காசிக்காரர்தான், பத்து வயது மூத்தவர், பதவியிலும் மேலே. மைதானத்தை மூன்று சுற்று ஓடவிட்டு, மூச்சு வாங்க வந்து நின்றவனிடம், "தொப்பி இருக்க தல தலைவரப் பேசாதுலே. பேசணும்னா வீட்டுக்குப் போ, தொப்பிய இறக்கு, பொறவு பேசு" என்றார். அதே பால்வண்ணநாதன்தான் இரண்டு வருஷம் கழித்து எல்லைக் காவலில், பனியில் விறைத்துப்போன சுந்தரபாண்டியின் கால்களைத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துச் சூடேற்றிக் காப்பாற்றியவர். ஆகவே அவர் சொன்ன சொல்லைச் சுந்தரபாண்டி இருபத்திரண்டு வருஷம் சுமந்தார். ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து ஆட்டோ எடுத்தபிறகும் இறக்கி வைக்கவில்லை.

அவருக்குப் பெருமைகள் இரண்டு. ஒன்று மகள் வேல்விழி, ராணுவ மருத்துவமனையில் நர்ஸ், லெப்டினன்ட். முதல்தடவை அவள் சீருடையில் வந்து நின்றபோது, தன்னைவிட மேல்பதவி என்று விறைப்பாக சல்யூட் வைத்துவிட்டார். பெண் அழுத அழுகையில் மனைவி உலகம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னொன்று அவருடைய குரல். முன்னாள் படைவீரர் சங்கத்தில் ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்துக்கும் கொடியேற்றும்போது நிமிர்ந்து நிற்கச் சொல்லி "சாவ்தான்" என்று இந்தியில் கட்டளை போடுகிறவர் அவர்தான். பதினான்கு வருஷமாக அவர்தான். அந்த ஒரு சொல்லில் சர்க்கரை நோயும் மூட்டுவலியுமாக நிற்கிற நாற்பது கிழவர்களும் படக்கென்று இருபது வயதுக்காரர்களாகி நிமிர்வார்கள். அதற்காக மனுஷர் ஒரு வாரம் முன்னாலிருந்தே ஐஸ் தண்ணீர் குடிக்க மாட்டார்.

இந்த வருஷம் சாரல் தொடங்கி ஜோரான கூட்டம். சுரண்டையிலிருந்து வந்த அய்யாத்துரை என்கிற பலசரக்குக் கடைக்காரர் குற்றாலத்துக்கு வண்டி ஏறினார். தொப்பியைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். "எம்மவனுக்குப் பட்டாளத்துக்குப் போணும்னு ஆச. இப்ப நாலு வருஷத்துக்குத்தான் எடுக்காவளாம்லா. அனுப்பலாமா அண்ணாச்சி?" என்று கேட்டார். ஒரு தகப்பன் மனசாரக் கேட்கிற கேள்வி. சுந்தரபாண்டி வண்டியை ஓரங்கட்டினார், தொப்பியைக் கழற்றித் தட்டில் வைத்தார், திரும்பி உட்கார்ந்தார்.

"பக்கத்துல நிக்கவன நம்பி உசுரக் குடுக்க ஒரு பயலுக்கு நாலு வருஷம் பத்தாது. அவன் பழகி வரும்போது வீட்டுக்குப் போன்னா, என்ன நியாயம்? நம்ம பிரதமர் ஒருநாள் எல்லைப் பனியில காவல் நின்னு பாத்திருந்தா இதுல கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாரு. இது தப்பு. அவரு செஞ்ச தப்பு. ஆனா உம்ம மவன் ஆசப்பட்டா தடுக்காதீரும், வேல அப்பிடிப்பட்ட வேல."

அய்யாத்துரை இதைச் செல்போனில் வீடியோவாகப் பிடித்திருக்கிறார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, மகனுக்குக் காட்டத்தான். மகன் தன் சிநேகிதர்களுக்கு அனுப்பினான். இரண்டு நாளில் அது யார் யார் கையிலோ புகுந்து புறப்பட்டு, 'பிரதமரைக் கிழித்த பட்டாளத்துக்காரர்' என்ற தலைப்போடு தென்காசிக்கே திரும்பி வந்தது. சுந்தரபாண்டி பார்த்தார். படத்தில் அவர் முகம் பாதிதான் தெரிகிறது. அவர் தோளை ஒட்டி, தட்டில், பித்தளைச் சின்னம் மின்ன, அந்தத் தொப்பிதான் பளிச்சென்று உட்கார்ந்திருக்கிறது. எதை இதற்குள் இழுக்கக் கூடாது என்று மரியாதையாக இறக்கி வைத்தாரோ, அதுவே அவருக்கு முன்னால் போய் நின்றுவிட்டது.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டீயளா? புள்ள வேலைக்கு ஏதாவது வந்தா?" என்று உலகம்மாள் அரற்றினாள். அவருக்கும் அந்தப் பயம்தான் சோற்றை இறங்கவிடவில்லை. மகளே போனில் அழைத்தாள். "யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கலப்பா. நானும் இதப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது, ஒங்களுக்கே தெரியும். சாப்பிட்டீயளா?" அவள் ஏன் அதற்கு மேல் பேசவில்லை என்பது அவருக்கு நன்றாகப் புரிந்தது. பெருமையாகவும் இருந்தது.

சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். செயலாளர் நாற்காலியில் பால்வண்ணநாதன். தொப்பி தலையில், முகம் கல் மாதிரி. சொன்னது தப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இந்தப் பதினைந்தாம் தேதி சுந்தரபாண்டி கட்டளை போடக்கூடாது என்று பெரும்பாலானவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

"இறக்கி வச்சிட்டுத்தான பேசினேன், சாப்" என்றார் சுந்தரபாண்டி. இத்தனை வருஷமானாலும் அவருக்குப் பால்வண்ணநாதன் மேலதிகாரி 'சாப்'தான்.

"நீ இறக்கி வச்சே. அது அங்கனயே உக்காந்து ஒங்கூடச் சேந்து பேசிட்டுல்லா. இன்னைக்கு நீ இவரச் சொல்லுத, நாளைக்கு இன்னொருத்தன் வேற ஆளச் சொல்லுவான். பட்டாளம் எந்தக் கட்சின்னு சனம் கேக்க ஆரம்பிச்சா நமக்கு என்னலே மிச்சம்?"

அதில் நியாயம் இருந்தது. சுந்தரபாண்டிக்கு அதுதான் தாங்கவில்லை. வெறும் வம்புக்கு வந்திருந்தால் ஒரு கை பார்த்திருப்பார்.

நான்கு நாள் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுதிவிட்டால் கட்டளை அவருடையது. அதற்குள் வேல்விழி விடுமுறைக்கு வந்துவிட்டாள். அப்பாவின் குரலை மைதானத்தில் கேட்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக ஆசைப்பட்டு, முதல்முறையாக அந்தத் தேதிக்கு விடுமுறை கிடைத்து வந்திருக்கிறாள். அவர் மேஜையில் கிடந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, "என்னைய நெனச்சு எழுதாதீயப்பா" என்று மட்டும் சொன்னாள்.

அவர் எழுதினார். 'தொப்பி படத்தில் வந்தது என் தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இனி அரசியல் பேசுகிற வண்டியில் தொப்பி இருக்காது. நான் பேசியது ஓட்டுப் போடுகிறவன் பேச்சு. அதைத் தப்பென்று எழுத முடியவில்லை.' சங்கம் ஏற்கவில்லை. பேச்சை விடுவதாக இல்லை என்பதால், அன்று மாலை தொப்பியைத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி பீரோவில் வைத்தார். உலகம்மாள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

ஆகஸ்ட் பதினைந்து. சங்கத்து முற்றத்தில் நாற்பது பேரும் தொப்பியோடு வரிசையில். சுந்தரபாண்டி வெள்ளைச் சட்டையும் வெறும் தலையுமாக, வேடிக்கை பார்க்க வந்த சனத்தோடு வேலியோரம் மகள் பக்கத்தில் நின்றார். பால்வண்ணநாதனே கட்டளை போட்டார். அறுபத்தாறு வயதுத் தொண்டை, கம்மிப்போயிற்று. பின்வரிசைக்குக் கேட்காமல் பாதிப்பேர் தாமதமாக நிமிர்ந்தார்கள். ஆனால் வேலியோரத்தில் ஒருவர் அந்தக் கணமே குதிகால் சேர்த்து நிமிர்ந்துவிட்டார்.

கொடி ஏறியது. வரிசையில் அத்தனை கைகளும் நெற்றிக்குப் போயின. பட்டாளத்து முறைப்படி வெறும் தலையோடு சல்யூட் வைக்கக் கூடாது. கையை ஒட்டவைத்துக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். சுந்தரபாண்டி நின்றார். தானாக எழப்போன வலதுகையைத் தொடையோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். பட்டாளத்தில் சேர்ந்த நாள் முதல் கொடிக்கு சல்யூட் வைக்காமல் அவர் நின்ற முதல் சுதந்திர தினம் அது. பேசியதற்கு விலை இதுதான் என்றால் இது பெரிய விலைதான் என்று அவருக்குத் தோன்றியது. வேல்விழி சேலையில், அவளும் வெறும் தலையோடு, அவர் நின்ற மாதிரியே நின்றாள். எல்லாரும் கையை இறக்கியபிறகும் பால்வண்ணநாதன் கை மட்டும் நெற்றியிலேயே இருந்தது. வயசாகிவிட்டது, தோள் பிடித்துக்கொண்டது போல என்று சனத்தில் யாரோ சொன்னார்கள்.

மிட்டாய் கொடுத்து முடிந்ததும், வருஷா வருஷம் செய்வதுபோல் பால்வண்ணநாதன் துண்டுப் பையோடு வந்து ஆட்டோவில் வேல்விழி பக்கத்தில் உட்கார்ந்தார். "பழைய குற்றாலத்துக்கு விடு, குளிச்சிட்டு வருவோம்." சுந்தரபாண்டி வண்டியை எடுத்தார். இலஞ்சி விலக்கு தாண்டியதும் பெரியவர் தன் தொப்பியைக் கழற்றி, துண்டுக்கு அடியில் வைத்துப் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"நான் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். இனியும் போடுவேன்" என்றார். "ஆனா அந்த நாலு வருஷம், அது எனக்கும் ஒப்பலலே."

"இதச் சங்கத்துல சொல்லுறது."

"சொல்ல மாட்டேன். நீ பேசுனதும் சரின்னு சொல்ல மாட்டேன்."

"சரி, சாப்." கொஞ்ச தூரம் போனபிறகு சுந்தரபாண்டி கேட்டார். "தோள் வலிக்கா? கைய இறக்கவே இல்லையே."

பால்வண்ணநாதன் வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எம் பங்குக்கு வச்சது அப்பவே முடிஞ்சிட்டு. பொறவு வச்சது ஒம் பங்குக்கு."

வண்டி தானாக வேகம் குறைந்தது. வேல்விழி முன்னால் சாய்ந்து, "அப்பா, ஓரங்கட்டுங்க. கண்ணத் தொடச்சிட்டுப் போவோம்" என்றாள்.