தூண் இல்லாத புதன்கிழமை

வாரநாளில் வேதபாட வகுப்பு நடத்துகிறவருக்கு முதலில் வேண்டிய வரம், காலி நாற்காலிகளைப் பார்த்தும் முகம் வாடாமல் இருப்பது. வகுப்பு நடத்தி இதே பாடு படுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: ஞாயிறு ஆராதனைக்குக் கோயில் நிறைந்திருக்கும், புதன்கிழமை மாலை ஆறு மணிக்குப் பக்கத்து அறையில் ஏழு பேர், அதிலும் ஒருவர் மின்விசிறிக்காக வந்தவர். இருபத்திரண்டு வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டு விருத்தாசலத்துக்குத் திரும்பி வந்தவனிடம், "சும்மாத்தான இருக்கீங்க" என்று எங்கள் ஆயர் ஒப்படைத்த வேலை இது.

இருபது பக்கக் குறிப்பு

முதல் வகுப்புக்கு ஆங்கிலத்தில் படித்து, தமிழில் இருபது பக்கம் எழுதிக்கொண்டு போனேன். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் பீங்கான் பட்டறையில் வேலை முடித்து நேராக வந்த பெண்கள். புருவத்தில், காதோர முடியில், வளையல் இடுக்கில் எல்லாம் வெள்ளை மண்தூள். மேற்கு ஜன்னல் வெயில் அவர்கள் மேல் சாய்ந்தபோது, யாரோ செய்து காயவைத்து, இன்னும் மூச்சு ஊதாமல் விட்டுவைத்த மண் உருவங்களைப் போல அசையாமல் இருந்தார்கள். விசுவாசத்தைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினேன். ஜங்ஷன் பக்கம் ஒரு ரயில் கூவிக்கொண்டு போனது. என் பேச்சும் அதன் பின்னாலேயே எங்கோ போய்க்கொண்டிருந்தது.

முடிந்ததும் பவுனம்மா பக்கத்தில் வந்தார். அவர் எங்கள் சபை இல்லை. பெண்ணாடம் பஸ்ஸு வரும்வரை காற்றாட உட்காருகிறவர். "நல்லாப் பேசுறீங்கண்ணே, யாருகிட்ட பேசுறீங்கன்னுதான் வெளங்கல."

பெரிய எழுத்து

அடுத்த வாரம் குறிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஆளுக்கொரு வசனமாகச் சுற்றிப் படிக்கலாம் என்றேன். எஸ்தர் அக்கா படித்தார். அவர் அச்சில் மண்கூழ் ஊற்றுகிற வேலை செய்பவர், குரலும் அப்படித்தான், சிந்தாமல் வரும். அடுத்த நாற்காலியில் ஜாய்ஸ். அவள் குனிந்தபடியே இருந்தாள். "அடுத்தவங்க படிக்கட்டும்" என்றாள்.

கண் மங்கலோ, எழுத்தே தெரியாதோ என்று நானாக இரக்கப்பட்டு, அடுத்த புதன் பெரிய எழுத்து வேதாகமம் ஒன்றைத் தேடிப்பிடித்து அவள் மடியில் வைத்தேன். அதை மூடி என்னிடமே நீட்டினாள். வாசலில் பவுனம்மா என்னை ஓரமாக இழுத்தார். எஸ்தரும் ஜாய்ஸும் அக்கா தங்கையாம். அம்மா இறந்த அன்று, கோடை வெயிலில் உடல் தாங்காது என்று நாலு மணிக்கே எடுக்கச் சொல்லிவிட்டார் எஸ்தர். திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்த ஜாய்ஸ் கல்லறைத் தோட்டத்தில் இறங்கும்போது மண் மூடியாகிவிட்டது. அதற்கப்புறம் விருத்தாசலத்துக்கே குடிவந்து, ஒரே பட்டறையில் ஆறு வருஷமாக வேலை. பேச்சு மட்டும் கிடையாது. "கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியுது அதுக்கு. அக்கா வுட்ட எடத்துலேர்ந்து படிக்கத்தான் முடியல."

ஜாய்ஸின் முடிவு

தெரிந்தபின் எனக்கு அந்த வட்டமே பயமாகிவிட்டது. இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாருக்கும் அது என்னவென்று புரிந்து, இன்னும் மோசமானது.

ஜாய்ஸ் ஒருநாள் சீக்கிரமே வந்து, வர்ற வாரத்தோடு நின்றுவிடுவதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை போதுமாம். அப்போதும் அக்கா அதே கோயிலில்தானே இருக்கிறார் என்றேன். "அங்க தூணுக்கு அந்தாண்ட உக்காந்துக்குவேன்ண்ணே. இங்க தூண் எங்க இருக்குது?"

வாத்தியார் முழித்தது

கடைசியாக வருகிறாளே, மனசுக்கு இதமாக இருக்கட்டும் என்று, தீர்க்கதரிசி குயவன் வீட்டுக்குப் போகிற பகுதியை எடுத்தேன். கையில் கெட்டுப்போன மண்ணையே குயவன் மறுபடி வேறு பாத்திரமாக வனைகிறான் இல்லையா, அதுபோலத்தான் நாமும் என்று கண்ணை மூடிக்கொண்டு உருகினேன். இந்த ஊரில், இந்தக் கைகளுக்கு முன்னால் மண்ணைப் பற்றிப் பேசியது என் தப்பு.

"அது பச்சை மண்ணுண்ணே" என்றாள் ஜாய்ஸ். "தொட்டியில போட்டா கரைஞ்சிடும், திரும்ப ஊத்திக்கலாம். சூளையில வெந்து ஒடைஞ்சதுக்கு என்ன பண்ணுவாரு?"

எனக்குப் பதில் இல்லை. இரண்டு மொழியிலும் இல்லை. வெயில் சுவரில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. எஸ்தர் அக்கா தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஒடைஞ்சதை மில்லுல போட்டு அரைக்கிறதில்ல? அந்தப் பொடியைப் புது மண்ணுல கலந்தாத்தான் சூளையில வெடிப்பு வுடாம இருக்குது. தெனம் ஒன் கண்ணு முன்னாலதான நடக்குது?"

பவுனம்மாவின் பஸ்ஸு வெளியே ஹாரன் அடித்துவிட்டுப் போயே போய்விட்டது, அவர் எழுந்திருக்கவில்லை. ஜாய்ஸின் கன்னத்து வெள்ளைத்தூளில் ஈரமாக ஒரு கோடு இறங்கியது. ஆறு வருஷத்தில் முதல்முறையாக அக்காவின் பக்கம் திரும்பினாள், அதுவும் சண்டைக்குத்தான்: "நாலு மணிக்கு எடுக்காம இன்னும் ரெண்டு மணி நேரம் வச்சிருந்தா என்னக்கா?"

எங்கள் தொழிலில் பாடம் நடப்பதே வாத்தியார் பதில் தெரியாமல் முழிக்கிற அந்தச் சில நிமிஷங்களில்தான் என்பதால், இப்போதெல்லாம் வீட்டில் நன்றாகப் படித்துவிட்டுப் போய் அங்கே ஒழுங்காக முழித்துக்கொண்டிருக்கிறேன்.