ரேக்கில் அடித்த பச்சை பெயிண்ட்

வல்லத்து எல்லப்பனுக்கு ஒரகடம் தொழிற்சாலையில் ஒரு பட்டப்பெயர் உண்டு: ஃபியூஸ் எல்லப்பன். எந்த மெஷினில் கை வைப்பதானாலும் முதலில் அதன் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். "இன்னாண்ண, கரண்டு உன் வூடு வரைக்கும் தேடிகினு வருமா?" என்று லைனில் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

அப்பாவின் நிலம் தொழிற்பேட்டைக்குப் போன வருடம் பெட்டி சுமக்க வந்தவர். பத்தாவதைத் தாண்டவில்லை; பார்த்துப் பார்த்தே ஃபிட்டர் ஆனார். இருபத்திரண்டு வருடம் கழித்தும் பத்து விரலும் முழுதாக இருப்பது தன் பயத்தால்தான் என்று நம்பினார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கர்வம் போயிற்று.

பழைய பில்லர் டிரில்லிங் மெஷினில் நிற்பவள் இசக்கிசெல்வி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், சுங்குவார்சத்திரத்தில் ஐந்து பேரோடு வாடகை அறையில் இருக்கிறாள். அடுத்த பிராக்கெட்டில் துளை போட, டேபிளைத் தூணோடு பிடித்து நிறுத்தும் லாக்கைத் தளர்த்தி, ஹேண்டிலைச் சுற்றி டேபிளை மேலே ஏற்றினாள். லாக்கை இறுக்கும் முன் குனிந்து, அடியில் கிடந்த இரும்புச் சுருளை பிரஷால் தள்ளினாள். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். கடகடவென்ற சத்தத்தோடு டேபிள் கீழே இறங்கியது. கையை இழுத்துவிட்டாள். பிரஷ் அடியில் மாட்டிக்கொண்டது.

எல்லப்பன் ஓடி வந்தபோது பிரஷின் மரப்பிடி நார்நாராகக் கிழிந்து கிடந்தது. இசக்கிசெல்வி வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டு நின்றாள். அடி எதுவும் இல்லை. ஆனாலும் பொத்திக்கொண்டே நின்றாள்.

அவர் ஃபியூஸைப் பிடுங்கினார். செயின் போட்டு டேபிளைத் தூக்கி, அடியில் இரண்டு மரக்கட்டைகளைக் கொடுத்துவிட்டு, ஹேண்டிலைச் சுற்றினால் மட்டுமே சுழலும் பினியனைக் கழற்றினார். அந்தச் சின்னப் பல்சக்கரம்தான், தூணில் நிற்கும் பல்பட்டையில் ஏறி டேபிளைத் தூக்குவது. பட்டைக்கு ரேக் என்று பெயர். பினியனின் பற்கள் நுனியில் மட்டும் தேய்ந்து கத்தி மாதிரி இருந்தன. அடிப்பகுதி புதிது போலவே இருந்தது.

நுனி மட்டும் ஏன் தேயணும்?

ரேக்கின் பல்லிடுக்கில் நகத்தை விட்டுச் சுரண்டினார். பச்சைத் துணுக்கு ஒன்று பெயர்ந்து வந்தது. அதற்குக் கீழே நீலம். அதற்கும் கீழே மறுபடி பச்சை. இடையில் சந்தனமும் குங்குமமும் கிரீஸோடு இறுகிக் கருத்துப்போன ஒரு படிவம். பல் உள்ளே இறங்க இடமே இல்லை. நுனியிலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது டேபிள்.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை இந்த மெஷினுக்கு பெயிண்ட் அடிப்பவர் எல்லப்பன்தான். ரேக்கை விட்டுவிட்டால் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று, பிரஷைத் தோய்த்துத் தோய்த்துப் பல் பல்லாகப் பூசியவரும் அவரேதான்.

சுற்றிலும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. பினியன் பழசு என்று சொன்னால் போதும், யாரும் ரேக்கைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சூப்பர்வைசர் வசந்தகுமார் வந்தான். "எல்லப்பண்ண, ஸ்டோர்ல பழைய பினியன் ஒண்ணு கீது. மாட்டி வுடு. மதியம் லோடு போவணும்."

"ரெண்டு நாள் வோணும் சார்."

"ஒரு பல்சக்கரம் மாத்த ரெண்டு நாளா? வெளாடுறியா? இந்தப் பொண்ணு லாக் போடாம கைய வுட்டுது, அவ்ளோதான் மேட்டர்."

எல்லப்பன் இசக்கிசெல்வியின் கையைப் பார்த்தார். ஸ்டோர் பினியனும் அந்தப் பெயிண்ட் மேலேதான் ஏறும். ஒரு வாரம் நிற்கும், ஒரு மாசம் நிற்கும். அப்புறம் பிரஷ் மட்டும் போகாது. உண்மையைச் சொன்னால் வேலை போகலாம். மகள் பூஜாவுக்குத் தண்டலம் காலேஜில் இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கிறது.

"சார், ரேக் மொத்தமும் பெயிண்ட்டால அடைச்சிகினு கீது. நான்தான் அடிச்சேன். வருசா வருசம்."

வசந்தகுமார் குனிந்து ரேக்கைப் பார்த்தான்.

"மேனேஜர் கேப்பாரு," என்றான் நிமிர்ந்து. "நீயே வந்து சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

போய்ச் சொன்னார். மேனேஜர் திட்டித் தீர்த்தார், எழுதியும் வாங்கிக்கொண்டார். வேலை போகுமா இருக்குமா என்று மட்டும் சொல்லவில்லை.

இரண்டு நாளும் உளியும் வயர் பிரஷுமாகப் பல் பல்லாகச் சுரண்டினார். ரேக்கைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். அதிகம் தேயாத பகுதி, டேபிள் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு வந்தது. குன்றத்தூர் பட்டறையில் வெட்டி வாங்கிய பினியன், பல்லின் அடிவரை இறங்கி உட்கார்ந்தது. வியாழன் மதியம் லாக்கைத் தளர்த்தி, டேபிள் மேல் கனமான இரும்பு வைஸ் இரண்டை ஏற்றி, அடியில் ஒரு காகித டீக் கப்பைக் கவிழ்த்து வைத்தார். கப்புக்கும் டேபிளுக்கும் விரல் நுழையும் இடைவெளி. ஹேண்டிலை முன்னும் பின்னும் உலுக்கினார். கப் நசுங்கவில்லை. ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அப்போதும் நசுங்கவில்லை.

"அண்ணாச்சி, அந்தப் பச்சை பெயிண்ட்டுல போன வருசம் பாதி நாந்தான் அடிச்சேன். மறந்துட்டியளா?" என்றாள் இசக்கிசெல்வி. "ரெண்டு கோட்டிங்கு அடிச்சா பளபளன்னு இருக்கும்னு நாந்தானே சொன்னேன். என்னைய மட்டும் ஏன் சொல்லாம விட்டிய?"

மேனேஜரிடம் அவள் பேரையும் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கவே இல்லை.

ஷிஃப்ட் மணி அடித்தது. அவள் டேபிளை ஏற்றி, லாக்கை இரண்டு முறை இறுக்கி, மூன்றாவது முறையும் இறுக்கினாள். பிறகு அடியில் கிடந்த சுருளைத் தள்ளக் குனிந்தாள். கை பாதி வழியில் நின்றுவிட்டது. எல்லப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நிக்குமா அண்ணாச்சி?"

அவளை நகரச் சொல்லிவிட்டு, தானே மண்டியிட்டு, டேபிளுக்குக் கீழே கையை நீட்டிச் சுருளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார். இன்னொரு கையால் லாக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.