பச்சையம்மா மெஸ்ஸின் ஐ.சி.யூ.

பெருங்களத்தூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் நின்று பச்சையம்மா மெஸ் எங்கே என்று கேட்டால், எந்தப் பையனும் கை காட்டுவான். வண்டலூரிலும் காட்டாங்குளத்தூரிலும் படித்துக்கொண்டு, ஹாஸ்டல் சாப்பாடு தொண்டையில் இறங்காமல் இந்தப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் பையன்களுக்கு அவள்தான் சோறு போடுகிறாள். இது ஊருக்குத் தெரிந்த கதை. ஊருக்குத் தெரியாத கதை, மெஸ்ஸுக்குப் பின்னால் இருந்த சாமான் அறை.

அரிசி மூட்டைகளுக்கும் எண்ணெய் டின்களுக்கும் நடுவில் ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு டேபிள் ஃபேன். குடித்துவிட்டு நிற்க முடியாத பையனை நண்பர்கள் அங்கேதான் கொண்டுவந்து போடுவார்கள். அந்த அறைக்கு அவர்கள் வைத்த பெயர் ஐ.சி.யூ. கல்லூரிக்குத் தெரிந்தால் சஸ்பெண்ட், வீட்டு ஓனருக்குத் தெரிந்தால் அறை காலி, அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பே போச்சு. பச்சையம்மா மட்டும் யாரிடமும் மூச்சு விடமாட்டாள். தெளியும்வரை படுக்கவைப்பாள். அப்புறம் ஒரு சொம்பு மோரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கொடுத்து, "மூஞ்சக் கழுவிக்கினு நேரா ரூமுக்குப் போ" என்று அனுப்பிவிடுவாள். நடுவில் பையனின் அம்மா போன் செய்தால் அதையும் அவளே எடுத்து, காய்ச்சல், மாத்திரை போட்டுத் தூங்குகிறான் என்று சொல்லிவிடுவாள்.

இந்தக் காய்ச்சல் பொய் அவளுக்குப் பதினேழு வருஷப் பழக்கம். புருஷன் மோகன்ராஜ் முடிச்சூரில் தண்ணீர் லாரி ஓட்டியவன். கை நீட்டமாட்டான், சத்தம் போடமாட்டான். குடிப்பான், வருவான், விழுவான், குறட்டை விடுவான். மறுநாள் லாரி முதலாளி கேட்டால் காய்ச்சல், மாமியார் கேட்டால் காய்ச்சல். வெள்ளம் வந்த வருஷம் தெருவே மொட்டை மாடியில் ஏறி நின்றபோது, நினைவில்லாதவனைப் படிப்படியாக இழுத்து மேலே ஏற்றிவிட்டு, மூச்சு வாங்க நின்றவள் அப்போதும் காய்ச்சல் என்றாள். ஈரல் கெட்டுச் செத்தவனுக்கு மஞ்சள் காமாலை என்று பேர் சொல்லித்தான் காரியம் செய்தாள்.

அந்தப் பதினேழு வருஷத்தில் அவள் கற்றுக்கொண்ட வைத்தியம் ஒன்றே ஒன்று. குறட்டை கேட்டால் பயமில்லை. பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் அவளும் நிம்மதியாகக் கண்ணை மூடலாம். இந்த ஒன்றை நம்பித்தான் ஐ.சி.யூ. எட்டு வருஷம் ஓடியது. ஒரு பையனுக்கும் ஒன்றும் ஆனதில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இதில் பெருமைப்பட என்னடி இருக்கிறது என்று கேட்க ஆளில்லை. தெரிந்தால்தானே யாராவது கேட்பதற்கு!

தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போகிற பக்கம் முழுக்கப் பஸ்ஸும் காரும் பெட்டியைக் கட்டிய பைக்குமாக நகராமல் நின்றன. மெஸ்ஸில் மத்தியானப் பந்தி முடிந்து, மணி இரண்டரையைத் தாண்டியிருக்கும். இரண்டு பையன்கள் மூன்றாவது பையனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். கைத்தாங்கல் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவன் கால் இரண்டும் தரையில் இழுபட்டன.

நடுவில் தொங்கியவன் கேஷவ். மன்னார்குடிப் பையன், முதல் வருஷம், பதினெட்டு முடிந்து மூன்று மாதம். ஒரு பக்கம் பிடித்திருந்த சிவகுமார் கடைசி வருஷம். இருபத்தொன்று முடிந்தவன் என்பதால் அவர்கள் சேர்ந்து தங்கியிருந்த அறைக்கே சரக்கு வாங்கும் பொறுப்பு அவனுடையது. மறுபக்கம் ஆம்பூர்க்காரன் ஃபைஸ், கேஷவின் வகுப்பு. ஃபைஸ் குடிக்கமாட்டான். குடிக்காதவன்தான் தூக்க வேண்டும் என்பது அவர்கள் அறையின் சட்டம்.

"இன்னாடா இது, பட்டப்பகல்ல?" என்றாள் பச்சையம்மா.

"எல்லாரும் ஊருக்குப் போறோம்லக்கா, சின்னதா ஒரு பார்ட்டி," என்றான் சிவகுமார். "பையனுக்கு ஃபர்ஸ்ட் டைம். கொஞ்சம் ஓவராயிடுச்சு."

"எவ்ளோ குட்ச்சான்?"

"ஒரு கட்டிங்தான்க்கா."

ஃபைஸ் எதையோ சொல்ல வாயெடுத்தான். சிவகுமார் திரும்பி முறைத்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

பாயில் மல்லாக்கப் படுக்கவைத்ததுமே குறட்டை தொடங்கிவிட்டது. மோகன்ராஜின் குறட்டையைப்போல் இல்லை. தொண்டைக்குள் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. ஆனாலும் குறட்டை குறட்டைதானே. பச்சையம்மாவுக்கு மனசு லேசானது.

"கொறட்ட வுடறான் பாரு, ஒண்ணும் ஆவாது. பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

"ஏழுக்கு. கிளாம்பாக்கத்துல."

"அதுக்குள்ள தெளிஞ்சிடுவான்."

"அக்கா, கை ரொம்ப சில்லுனு இருக்குக்கா," என்றான் ஃபைஸ்.

"ஃபேன் காத்துப்பா. நீ சும்மா பயந்துக்கினு நிக்காத."

அந்த நேரம் பார்த்து கேஷவின் சட்டைப் பையில் போன் அடித்தது. திரையில் அம்மா என்று இருந்தது. சிவகுமார் வழக்கம்போல் அதை எடுத்துப் பச்சையம்மாவிடம் நீட்டினான்.

"நான் மெஸ் அக்கா பேசறேன்மா. தம்பிக்கு லேசா காய்ச்சல். மாத்திரை போட்டுத் தூங்குது."

"காய்ச்சலா? காலையில நல்லா பேசினானே! கொஞ்சம் எழுப்புங்களேன், ஒரு வார்த்தை கேட்டுட்டு வச்சிடறேன்."

"தூங்கற புள்ளைய எதுக்கும்மா எழுப்பணும்? நான் பக்கத்துலதான் கீறேன்."

"நீங்க இருக்கீங்கன்னா சரிங்க," என்று அந்த அம்மா போனை வைத்தாள்.

பச்சையம்மா பக்கத்தில் இல்லை. பையன்கள் முன் ஹாலுக்குப் போனதும், பின்கட்டுக் குழாயடியில் சாம்பார் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குறட்டை வந்துகொண்டிருந்தது. கை அதன்பாட்டுக்கு வேலை செய்தது. அண்டாவைக் கவிழ்த்துவிட்டு அடுத்ததை எடுத்தபோதுதான் ஃபேன் சத்தம் மட்டும் கேட்பது உறைத்தது. மோகன்ராஜுக்குக் குறட்டை நின்றால் விழித்துவிட்டான் என்று அர்த்தம், தண்ணீர் கேட்பான். சரி, பையன் தெளிந்துவிட்டான் என்று மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"தம்பி, எழுந்திரு. இத்தக் குடி."

தலையைத் தூக்கி மடியில் வைத்து, வாயைப் பிளந்து ஒரு வாய் ஊற்றினாள். பையன் விழுங்கவில்லை. பாதி மோர் கடைவாயில் வழிந்தது, பாதி உள்ளே போனது. ஈனமாக ஒரு இருமல் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. அவன் உதடு நாவல்பழம் தின்ற வாய்போல் நிறம் மாறிக்கொண்டிருந்தது. பச்சையம்மா போட்ட சத்தத்தில் பையன்கள் இருவரும் உள்ளே ஓடிவந்தார்கள்.

"டேய், உண்மைய சொல்லுங்கடா! எவ்ளோ குட்ச்சான்?"

"ஹாஃப் பாட்டில்க்கா," என்று ஃபைஸ் அழுதான். "தண்ணி கலக்காம. பத்து நிமிஷத்துல முடிச்சாத்தான் ஆம்பளன்னு பந்தயம் கட்டினாங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன்க்கா."

"நூத்தியெட்டுக்குப் போடு!"

சிவகுமார் பாய்ந்து ஃபைஸின் போனைப் பிடுங்கினான். "அக்கா, வேணாம்க்கா! போலீஸ் வரும். வாங்கிக் குடுத்தது நான்னு தெரிஞ்சா என் பிளேஸ்மென்ட் போயிடும். உங்க மெஸ்ஸையும் மூடிடுவாங்க. இன்னும் கொஞ்சம் மோர் குடுங்கக்கா. எப்பவும் சரியாயிடுமே!"

பச்சையம்மா தயங்கினாள். அதை மறைக்க வேண்டியதில்லை; அவளே பிற்பாடு மறைக்கவில்லை. மூடிய மெஸ்தான் முதலில் அவள் கண்முன் வந்தது, பையன் அப்புறம்தான் வந்தான். எப்பவும் சரியாயிடுமே என்று அவன் சொன்னது அவள் அவனுக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அதை இன்னொருவன் வாயால் கேட்டபோது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஓங்கி ஒரு அறை விட்டு, போனைப் பிடுங்கி அவளே பேசினாள்.

நூற்றியெட்டில் எடுத்த பெண் பதறவில்லை. "ஒருக்களிச்சுப் படுக்க வைங்கம்மா. வாயை விரல் விட்டுத் துடைங்க. எதையும் ஊத்தாதீங்க. ஊத்தலையே?"

"ஊத்திட்டேன்," என்றாள் பச்சையம்மா.

மூன்று பேரும் அவனைப் புரட்டினார்கள். மோரும் புளித்த வாந்தியுமாக மூட்டைமேல் கொட்டியது. அதன்பின் ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சுக்கு ஃபைஸ் எண்ணினான். எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்றில் வந்தது. அடுத்தது பதின்மூன்றில்.

ஐந்து நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் டிரைவர் கூப்பிட்டார். இரும்புலியூரில் நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கிறாராம், முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. பச்சையம்மா தெருவுக்கு ஓடினாள். எதிரே வாட்டர் கேன் போடும் கிபாயத்துல்லா தன் மூன்று சக்கர லோடு வண்டியில் கேன் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"பாய், ஒரு புள்ள உயிரு! வண்டிய எடுங்க!"

அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏற்றிய கேன்களையெல்லாம் தெருவிலேயே உருட்டித் தள்ளினார். கேஷவைப் பாயோடு தூக்கி வண்டியில் போட்டார்கள். சிவகுமார் ஏறவில்லை, திரும்பிப் பார்த்தபோது அவன் அங்கே இல்லை.

தாம்பரம் போகிற பக்கம் ரோடு காலியாகக் கிடந்தது. பச்சையம்மா ஒருக்களித்த பையனின் முதுகுக்குத் தன் முழங்காலை முட்டுக்கொடுத்து, மூக்கருகே புறங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினான்கு. பதினாறு. இருபதுக்குள் வராவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எட்டு வருஷம் ஐ.சி.யூ. நடத்தியவளுக்கு அது தெரியவில்லை. எதிர்ப்பக்கத்தில் சிவப்பு விளக்கு சுழல்வதைப் பார்த்து கிபாயத்துல்லா தடுப்புச் சுவரை ஒட்டி நிறுத்திக் கத்திக் கூப்பிட்டார். ஆம்புலன்ஸ் பையன்கள் ஸ்ட்ரெச்சரோடு சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் குதித்தார்கள். ஆக்சிஜனை அந்த லோடு வண்டியிலேயே வைத்து, அதிலேயே ஏறி உட்கார்ந்து, "வுடுங்க பாய்" என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, எத்தனை மணியிலிருந்து நினைவில்லை என்பதுதான். சின்ன வயசுக்காரி, கேட்கும்போதே கை வேலை செய்துகொண்டிருந்தது. பச்சையம்மாவின் நாக்கில் பழைய சொல் தயாராக வந்து நின்றது. இப்பதான் டாக்டர் என்று சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது?

"வரும்போதே நினைவு இல்ல. ரெண்டு முப்பத்தஞ்சு. கொறட்ட வுடறான்னு வுட்டுட்டேன்."

"அது குறட்டை இல்லம்மா. மூச்சுவிட முடியாம இழுத்திருக்கான்," என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா திரையை இழுத்து மூடினாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தவள் கையில் கேஷவின் போன் மறுபடி அடித்தது. அம்மா.

"தம்பி எழுந்துட்டானாங்க? காய்ச்சல் விட்டுருச்சா?"

"காய்ச்சல் இல்லம்மா," என்றாள் பச்சையம்மா. மறுபடி சொன்னாள். "காய்ச்சல் இல்ல. குட்ச்சிருக்கான். ஆஸ்பத்திரில சேர்த்துக்கீது. வாயில குழாய் வச்சிருக்காங்க. நான் பொய் சொன்னேன்."

அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் முதல்ல கூப்பிட்டப்பவே அப்படித்தான் கெடந்தானா?"

"ஆமாம்மா."

மறுநாள் பதினொரு மணிக்குக் கேஷவ் கண்ணைத் திறந்தான். நுரையீரலுக்குள் மோர் போனதால் பன்னிரண்டு நாள் படுக்கையில் கிடந்தான். கீதா, அதுதான் அந்த அம்மாவின் பெயர், அத்தனை நாளும் பச்சையம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பச்சையம்மா தினமும் கஞ்சி கொண்டுபோய் வைத்துவிட்டுத் தூரத்தில் நின்றாள். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. சிவகுமாரைக் கல்லூரி விலக்கியது.

ஊருக்குக் கிளம்பும் அன்று கீதா மெஸ்ஸுக்கு வந்தாள். அந்த அறையைப் பார்க்க வேண்டும் என்றாள். மூட்டைகளையும் எண்ணெய் டின்களையும் டேபிள் ஃபேனையும் நின்று பார்த்தாள்.

"இங்கதானா?"

பச்சையம்மா தலையை ஆட்டினாள்.

"நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னு சொன்னதும் நான் நிம்மதியா போய் அதிரசத்துக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள் கீதா. வேறொன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம், நாலு அடி அடித்திருக்கலாம்.

இப்போது ஐ.சி.யூ. இல்லை. அந்த அறையில் அரிசி மட்டும்தான் இருக்கிறது. அக்கா மாறிவிட்டாள், போட்டுக்கொடுத்துவிடுவாள் என்று பாதிப் பையன்கள் வேறு மெஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டாள். ஆனாலும் பொங்கல் லீவுக்கு முந்தின நாள், போக வேறு இடமில்லாமல் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடு ஹாலில், சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் பார்க்க, அவனை ஒருக்களித்துப் போட்டாள். முதலில் நூற்றியெட்டுக்குப் பேசினாள். அப்புறம் அவன் மூக்கருகே புறங்கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அப்போது அவன் போன் அடித்தது.

"அம்மாதான்க்கா," என்றான் கூட வந்தவன். "காய்ச்சல்னு சொல்லிடுங்கக்கா, ப்ளீஸ்."

பச்சையம்மா போனை எடுத்தாள்.

"காய்ச்சல்லாம் இல்லம்மா. புள்ள குட்ச்சிருக்கான். ஆம்புலன்ஸ் வந்துக்கினு கீது. மூச்சு வருது, நான் எண்ணிக்கினே கீறேன்," என்றாள். அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. பச்சையம்மா போனைக் கொண்டுபோய்ப் பையனின் மூக்கருகே பிடித்தாள். "நீயே கேளும்மா."