மூக்கில் மாட்டிய சீப்பு

அடுத்தவள் மூக்கில் என்னத்தை மாட்டிக்கொண்டு படுக்கிறாள் என்று தெரியாவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காதா? முட்டி வலி குறைந்ததா, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் அதில் ஒரு நியாயம் உண்டு. நேராக மூக்குக்கே வந்துவிடுகிறீர்கள். சரி, கேட்டுத் தொலையுங்கள். சொல்லிக்கொண்டே வரும்போது நான் தூங்கிவிட்டால் மட்டும் எழுப்ப வேண்டாம். என்னை எழுப்பி எழுப்பித்தான் இவ்வளவும் வந்தது.

போத்தனூரில் எங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தெருக்களுக்கும் இட்லி மாவு ஆட்டிக் கொடுப்பது என் வேலை. கிரைண்டர் வீட்டுக்குள், மொபெட் வாசலில். மாவைப் போசிகளில், மூடி போட்ட பாத்திரங்களில், நிரப்பி, முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒன்று, பின்னால் கயிற்றால் கட்டி ஒன்று என்று வைத்துக்கொண்டு கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் வீடு வீடாக ஊற்றிவிட்டு வந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர். பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து தலையைத் தொங்கப்போட்டுத் தூங்குவார். நிற்கிற வேலை எனக்கு, தூங்குகிற வேலை அவருக்கு என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்லிச் சிரிக்க வைப்பேன். அவர் காதிலும் அது விழும்.

ஆனால் உண்மையில் தூக்கம் என்னைத்தான் பிடித்து ஆட்டியது. எவ்வளவு சீக்கிரம் படுத்தாலும் எழுந்திருக்கும்போது மூட்டை சுமந்தவள் மாதிரி இருக்கும். காலையில் எழுந்து கட்டிலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன், காலைக் கீழே வைக்க மனசு வராது. உளுந்து ஆடும்போது தள்ளிவிடப் போன கை அப்படியே நின்றுவிடும். தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். சாதம் வேண்டுமா, சாம்பார் வேண்டுமா என்று பரிமாறுகிறவர்கள் கேட்கக் கேட்கத் தூக்கத்திலேயே “உம்” சொல்லியிருக்கிறேன். கண் திறந்தபோது இலையில் ஒரு குன்று. பசியோடு வந்த கிழவி என்று யாரோ இரக்கப்பட்டு அதன் உச்சியில் இன்னொரு அப்பளமும் வைத்திருந்தார்கள்.

வயசானால் இப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன். வேறு என்ன சொல்ல? நான் சொல்கிற வேடிக்கைக்கு மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிக்கத் தெம்பு இருக்காது.

ஒரு நாள் ரயில்வே கேட் மூடியிருந்தது. மொபெட்டை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு நின்றேன். ரயில் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கேட்டைத் திறந்துவிட்டார்கள், எதிர்ப்பக்கத்து வண்டிகள் எல்லாம் போய்விட்டன. என் பின்னால் நின்ற பஸ் அடித்த ஹாரன் எனக்குக் கனவில் கல்யாண மேளமாகக் கேட்டது. கடைசியில் கண்டக்டர் இறங்கி வந்து தோளைத் தட்டினார்.

“ஏனுங்கக்கா, கேட்டு தொறந்தாச்சுங்க. போறதுன்னாப் போங்க, இல்லீன்னாப் பாய் கொண்டாந்து போடட்டுங்களா?”

எங்கள் ஊரில் கேலியில்கூட ‘ங்க’ இருக்கும். அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பஸ்ஸுக்குள் இருந்த யாரோ என் மகனுக்குப் போன் போட்டுவிட்டார்கள். அவன் பல்லடத்தில் கோழிப் பண்ணையில் வேலையாக இருக்கிறான், பெண்டாட்டி பிள்ளைகளோடு அங்கேயே குடியிருக்கிறான். அன்று சாயங்காலமே வந்தான். நேராக மொபெட் சாவியை எடுத்துத் தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டான்.

“நல்லாத் தூங்கி எந்திரிம்மா. அப்பறஞ் சாவி கேளு.”

“தூங்கீட்டன்னுதான கண்ணு சாவியப் புடுங்கற? மறுக்காத் தூங்கச் சொல்றியே.”

அவன் சிரிக்கவில்லை. சாவி பல்லடம் போய்விட்டது. நான் போசியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். பக்கத்து வீடுகளுக்கு மட்டும் முடிந்தது. தள்ளியிருக்கிற தெருக்காரர்கள் கொஞ்ச நாள் பார்த்துவிட்டுக் கடையில் பாக்கெட் மாவு வாங்க ஆரம்பித்தார்கள். அதற்கும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. இட்லிக்கு ஆசைப்பட்டவர்கள் என் கால் வலி தீரும்வரை பட்டினி கிடப்பார்களா? ஆனால் ஒன்று, அந்த மொபெட் நின்றால் நானும் நின்றுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அப்புறம் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டால் போதும்.

மகனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். தலையிலும் நெஞ்சிலும் வயர் ஒட்டி, விரலில் கிளிப் மாட்டி, இப்போது நன்றாகத் தூங்குங்கள் என்றார்கள். கட்டிப்போட்ட ஆடு எங்கே தூங்கும்? இருந்தாலும் நான் தூங்கினேன். அதில்தான் விஷயம் தெரிந்தது. தூங்கும்போது என் தொண்டை சுருங்கி அடைத்துக்கொள்கிறதாம். மூச்சு நின்றுபோகிறதாம். உடம்பு பதறி என்னை அரைகுறையாக எழுப்பி மறுபடி மூச்சு விட வைக்கிறதாம். ராத்திரி முழுக்க இதே வேலை. காலையில் களைப்பாக இல்லாமல் எப்படி இருக்கும் என்று டாக்டர் கேட்டார்.

அதற்கு ஒரு மெசின் கொடுத்தார்கள். மூக்கின் மேல் ஒரு மூடி, தலையைச் சுற்றி வார், மூடியிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி. அது காற்றை உள்ளே தள்ளித் தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும். பெயர் சீபாப் என்றார்கள். என் காதில் சீப்பு என்றுதான் விழுந்தது. முடியே கொட்டிப்போன வயசில் சீப்பு எதற்கு என்று கேட்டேன். அன்றிலிருந்து வீட்டில் அதன் பெயர் சீப்புதான்.

சீப்பை மாட்டித் தொடர்ந்து தூங்கி, பகலில் கண் சொக்காமல் இருந்தால் வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார். என் கண் அவர் மேல் இல்லை. மகனுடைய சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த சாவிக்கொத்தின் மேல் இருந்தது.

இதற்குள் தெருவில் செய்தி வேறு மாதிரிப் பரவிவிட்டது. மூக்கில் குழாய் வைத்த ஆளை எங்கள் தெரு கொரோனாவில்தான் பார்த்திருக்கிறது. அப்படி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. அதனால் ஆக்ஸிஜன் வைத்துவிட்டார்கள், இனி அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். எதிர்வீட்டு அம்மாள் ஆரஞ்சும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு வந்து, கட்டில் ஓரம் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு பழைய சண்டையை எல்லாம் மறந்துவிடச் சொன்னார். எந்தச் சண்டை என்று எனக்கு நினைவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லிப் பிரெட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மெசின் வந்தும் களைப்பு போகவில்லை. மூக்கில் தழும்பு விழுந்தது, வாய் காய்ந்தது, அவ்வளவுதான் பலன். என்னடா இது என்று மெசின் கொடுத்த கடைக்குப் போன் போட்டதும், அங்கிருந்து ஒரு பெண் மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். என்னை மாட்டிப் படுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தாள். எனக்குக் கண் சொக்கியது. உடனே முன்னறை நாற்காலியிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது.

“அம்மணி.”

“என்னுங்க” என்று வாயைத் திறந்தேன். மூக்கு வழியாகப் போன காற்றெல்லாம் வாய் வழியாகப் புஸ்ஸென்று வெளியே வந்தது. தூக்கமும் அதோடு போனது.

“பாட்டி, வாயத் தொறந்தாக் காத்து பூரா வெளிய போயிருமுங்க. பதில் சொல்லாதீங்க” என்றாள் அந்தப் பெண்.

கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லாமல் கிடக்க நான் எங்கே பழகினேன்? கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அம்மணி என்றால் நான் என்னுங்க என்பேன். தூக்கத்திலும் அப்படித்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ராத்திரியிலும் இப்படிக் கூப்பிடுவீர்களா என்று அவள் அவரைக் கேட்டாள். அவர் தயங்கிக்கொண்டே வாசற்படியில் வந்து நின்றார்.

“மில்லுல பழகுனதுங்க. மெசின் ஓடிட்டிருந்தாத் தூங்கீருவேன். நின்னா முழிச்சுக்குவேன். இவ கொறட்டை நல்லா ஓடிட்டே இருக்கும், திடீர்னு நின்னுரும். அம்மணின்னு கூப்புட்டா, என்னுங்கன்னு சொல்லிப்போட்டு மறுக்கா ஓட ஆரம்பிப்பா. இப்ப இந்த டப்பா வந்ததுல இருந்து சத்தமே இல்லீங்க. நின்னுபோச்சோன்னு கூப்புட்டுக் கூப்புட்டுப் பாக்கறேன்.”

“எத்தன நாளாங்க இப்புடிக் கூப்புடறீங்க, தாத்தா?”

“மில்லுல நைட் ஷிப்ட் முடிஞ்சதுல இருந்து இந்த ஷிப்ட்தானுங்க.”

வேடிக்கையாக ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது. அந்தப் பெண்கூட என் முகத்தைப் பார்த்தாள். என் மூக்கின் மேல் மூடி இருந்தது, வாயைத் திறந்தால் காற்று போய்விடும். அதைச் சாக்காக வைத்துப் பேசாமல் படுத்திருந்தேன். பகலில் நாற்காலியில் தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கிய மனுசனைத் தெருத் தெருவாகக் கொண்டுபோய்ச் சிரிப்புக்கு விற்றிருக்கிறேன். மாவோடு சேர்த்து.

மெசின் சரியாகத்தான் ஓடுகிறது, இனி கூப்பிடாதீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு அவள் போனாள். சொன்னால் கேட்கிற பழக்கமா அது? மில்லில் இரைச்சலில் நின்று நின்று அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். பெட்டி என் தலைமாட்டில், அதன் சத்தமோ மூச்சு அளவு. அது ஓடுவது அவருக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் நான் பெட்டியை ஸ்டூலோடு தூக்கி அவருடைய கட்டில் பக்கம், அவர் காதுக்கு நேராக வைத்தேன். குழாய் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் தாராளமாக எட்டியது. என் மூச்சுக்குத் தக்கபடி பெட்டி உறுமி உறுமி அடங்கும். அவர் காதை வைத்துக் கேட்டார். “ஓடுது” என்றார். திரும்பிப் படுத்தார்.

அதற்கு அப்புறம் எனக்குத் தெரிந்தது கதவு இடிபடுகிற சத்தம்தான். விழித்தால் வெயில் சுவரில் ஏறியிருந்தது. வாசல் தெளிக்கவில்லை, பால் பாக்கெட் கதவிலேயே தொங்குகிறது. எங்கள் பக்கம் விடிந்தும் வாசல் தெளிக்காத வீட்டைப் பார்த்தால் ஒரே அர்த்தம்தான். அதிலும் ஆக்ஸிஜன் வைத்த வீடு. எதிர்வீட்டு அம்மாள் என் மகனுக்குப் போன் போட்டுவிட்டு, தெருவையே கூட்டிக்கொண்டு நின்றார். அவசரத்தில் நான் மூக்கு மூடியைக் கழற்றாமல், குழாயை மட்டும் பெட்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். மூஞ்சியிலிருந்து தும்பிக்கை தொங்க நின்றவளைப் பார்த்து அந்த அம்மாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மகன் பல்லடத்திலிருந்து தலை சீவாமல், சட்டையில் கோழித் தீவனத்தூளோடு வந்து சேர்ந்தான். என்னைப் பார்த்தான். உள்ளே போய் இன்னும் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய காலைத் தொட்டுப் பார்த்தான். அவர் கண்ணைத் திறக்காமலே “மெசின் ஓடுதா?” என்று கேட்டார்.

“ஓடுதுப்பா. தூங்குங்க” என்றான் மகன்.

அவருடைய போர்வையை இழுத்துச் சரியாகப் போர்த்திவிட்டான். அப்புறம் சாவிக்கொத்திலிருந்து மொபெட் சாவியைக் கழற்றி என் வீட்டு ஆணியில் மாட்டினான். டாக்டர் சரி என்று சொல்கிறவரை தொடக்கூடாது என்றான். நான் தொடவில்லை. கடந்து போகும்போதெல்லாம் முந்தானையால் தூசி தட்டினேன், அது தொட்டதில் சேராது.

சில வாரம் கழித்து டாக்டர் சரி என்றார். களைப்பு முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இத்தனை வருசத்துத் தூக்கக் கடன், மெதுவாகத்தான் தீரும். ஆனால் உளுந்து தள்ளும் கை நடுவில் நிற்பதில்லை. முதல் நாள் போசிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்கு வீடு கேட்டில் நிறுத்திக் கேட்டார்கள், ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்களா, உயிருக்கு ஒன்றும் இல்லையே என்று. எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்.

“எனக்கு ஒண்ணுமில்லீங்க. எங்கூட்டுக்காரருக்குத்தான் ரொம்ப வருசமாத் தூக்கமே இல்லீங்க. அவருக்குத் தூக்கம் வரோணும்னு என்ற மூக்குல மெசின மாட்டியுட்டுட்டாங்க.”