லிஃப்ட் மாமாவுக்கு நடை வந்த கதை

அந்த வீட்டின் முன்னறையில் சோபா இல்லை. இருந்ததை வராண்டாவுக்குத் தள்ளிவிட்டு, தரையில் அடிக்கு ஒன்றாகப் பதினான்கு வெள்ளை நாடாக்கள் ஒட்டியிருக்கிறார்கள். விருந்தாளிகளுக்கு வராண்டா. முன்னறை நடப்பதற்கு மட்டும். நடப்பவர் வீட்டுக்காரர், நல்ல பெயர் வாங்கிய பல் டாக்டர். நடக்க வைப்பவர் அவர் மனைவி. தெருவில் அவருக்குக் கார்ட்டூன் அம்மா என்று பெயர்.

கார்ட்டூன் அம்மா பதினோரு வருடம் ஒரு பெரிய ஸ்டுடியோவில் இடைப்படம் வரைந்தவர். முயல் ஒன்று குதிக்கிறது என்றால், கிளம்பும் முயலையும் இறங்கும் முயலையும் மூத்த ஓவியர் வரைந்துவிடுவார். நடுவே காற்றில் தொங்கும் எட்டு முயல்கள் இவர் பொறுப்பு. "பதினோரு வருஷத்துல நான் வரைஞ்ச ஒரு மிருகத்துக்கும் கால் தரையில பட்டதில்ல" என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார். மிருகம் ஒன்றைத் தரையில் நிற்க வைத்தே தீருவது என்று வேலையை விட்டார். தரைக்கு ஏற்ற கனமான மிருகமாகப் பார்த்து, நீர்யானையைத் தேர்ந்தெடுத்தார்.

அப்படிப் பிறந்தவர்தான் லிஃப்ட் மாமா. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கும் நீர்யானை. அவர் ஏறிவிட்டால் உள்ளே வேறு யாருக்கும் இடமில்லை. ஒட்டகச்சிவிங்கி முதல் எலி வரை எல்லாரும் படியேறிப் போக, மாமா காலி லிஃப்டில் கடமை தவறாமல் மேலும் கீழும் போய்வருவார். கதை அவ்வளவுதான்.

ஒரு சேனல் எடுத்துக்கொண்டது. ஆறு பகுதிகள் வந்தன. குழந்தைகள் சீண்டவில்லை. சேனல் மேடம் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஏழாவது பகுதியை ஒரு மழலையர் பள்ளியில போட்டுப் பார்ப்போம். பிடிச்சா தொடரலாம். இல்லேன்னா மாமாவுக்கு டாட்டா."

மேடத்தின் சோதனை முறை தொழிலில் பிரசித்தம். அவர் படத்தைப் பார்க்கமாட்டார். திரைக்கு முதுகு காட்டி, குழந்தைகளைப் பார்த்தபடி உட்காருவார். கையில் எண்ணும் கருவி. திரையை விட்டு ஒரு கழுத்து திரும்பினால் ஒரு 'டிக்'. இருபத்தைந்தைத் தாண்டினால் தொடருக்கு மூடுவிழா.

"பிடிச்சிருக்கான்னு கேட்டா மிட்டாய்க்காக ஆமாம்னுடும். கழுத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பது அவர் கட்சி.

ஏழாவது பகுதியில் மாமா லிஃப்டுக்கு நடந்து வரும் காட்சி பன்னிரண்டு நொடி. அதை டாக்டர் நடந்து காட்ட, வீடியோ எடுத்து வரைய வேண்டும். அதற்காகத்தான் வெள்ளை நாடா. முன்னும் பின்னும் தலையணை கட்டிய டாக்டர் அரைக்கால் சட்டையில் நின்றார்.

"இடுப்பு முதல்ல வரணும்ங்க. கால் அப்புறம்."

"இடுப்பு மட்டும் தனியா எப்படிம்மா வரும்? அது என்கூடத்தானே வந்தாகணும்?"

வராண்டா சோபாவிலிருந்து டாக்டரின் அம்மா குரல் கொடுத்தார். "அஞ்சு வருஷம் படிக்க வெச்சு டாக்டராக்கினேன். ரெண்டே தலையணையில என் பிள்ளையை நீர்யானை ஆக்கிட்டாளே!"

"அத்தை, கேமரால உங்க குரல் விழுது."

"விழட்டும். டேய், நல்லா ஆட்டித்தான் நடவேன். நீர்யானைக்கு ஏதுடா வெக்கம்?"

டாக்டர் ஆட்டினார். நான்காவது நாடாவில் தடுமாறினார், ஒன்பதாவதில் தலையணை நழுவியது, அதைப் பிடித்துக்கொண்டே கதவில் இடித்தார். மூச்சு வாங்க ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"இது வெளியில போகக்கூடாது. க்ளினிக்ல எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

"சத்தியமா போகாது."

கணினியில் இந்த வேலை கண்ணாடித் தாள்களை அடுக்குவது போல. அடித்தாளில் டாக்டரின் வீடியோ ஓடும். அதைப் பார்த்து மேல்தாளில் நீர்யானையை வரைய வேண்டும். முடிந்ததும் அடித்தாளை அணைத்துவிட வேண்டும். கார்ட்டூன் அம்மா மூன்று வாரம் வரைந்தார். கணவர் தடுமாறிய இடங்களையெல்லாம் வழுவழுவென்று சீராக்கினார். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் தாளை அணைத்து, முழுப்படத்தையும் போட்டுப் பார்க்காமலே ஓடினார். துணைக்கு டாக்டரும் போனார்.

முப்பத்திரண்டு குழந்தைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டருக்குக் கடைசியில் ஒரு குட்டி நாற்காலி கிடைத்தது. முழங்கால் தாடையில் முட்ட உட்கார்ந்தார். படம் தொடங்கியது. டிக். டிக். அடுத்து லிஃப்ட் மாமா வர வேண்டும்.

வந்தது பல் டாக்டர்.

அவசரத்தில் அணைந்தது அடித்தாள் அல்ல, மேல்தாள். வரைந்த கட்டடம், வரைந்த லிஃப்ட், வழிவிடும் ஒட்டகச்சிவிங்கி எல்லாம் அப்படியே இருக்க, நடுவில் அரைக்கால் சட்டையும் தலையணையுமாக நிஜ டாக்டர் ஆடி ஆடி வந்தார். ஒவ்வொரு அடிக்கும் நீர்யானைக்குச் சேர்த்த 'தொம்' சத்தம். கார்ட்டூன் அம்மா முகத்தைக் கைப்பையால் மூடிக்கொண்டார்.

குழந்தைகள் உருண்டு சிரித்தார்கள். ஒரு கழுத்தும் அசையவில்லை. எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தெரியாத மேடம் புருவத்தை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்து, ஓசைப்படாமல் நழுவலாம் என்று டாக்டர் எழுந்தார். குட்டி நாற்காலி அவரை விடவில்லை, பின்னால் ஒட்டிக்கொண்டே வந்தது.

"ஹேய், மாமா இங்க இருக்காரு!" என்று ஒரு வாண்டு கத்தியது.

முப்பத்திரண்டு கழுத்தும் ஒன்றாகப் பின்னால் திரும்பின. மேடம் விதியை மீறாதவர். டிக் டிக் டிக் என்று முப்பத்திரண்டு முறை அழுத்தினார். மொத்தம் முப்பத்து நான்கு. தொடர் செத்தது. அழுத்தி முடித்த பிறகுதான், நாற்காலியை இடுப்பில் மாட்டிக்கொண்டு கதவில் இடித்துக்கொள்ளும் ஆளைக் கவனித்தார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து செய்யாத காரியமாக, திரையைத் திரும்பிப் பார்த்தார். அங்கேயும் அதே ஆள் கதவில் இடித்துக்கொண்டிருந்தார்.

"திரும்பப் போடுங்க" என்றார்.

ஐந்து முறை போட்டார்கள். கார்ட்டூன் அம்மா, "மேடம், தப்பு நடந்துபோச்சு, நீர்யானை வேற தாள்ல..." என்று இழுத்தார். மேல்தாளையும் காட்டச் சொன்னார் மேடம். வழுவழு மாமா மிதந்து வந்தார். முதல் வரிசையில் ஒரு பெண் கொட்டாவி விட்டாள்.

"இது நீர்யானையா, மேகமா? கால் எங்கம்மா தரையில படுது?"

கார்ட்டூன் அம்மா குனிந்து பார்த்தார். பதினோரு வருடப் பழக்கம் மாமாவையும் காற்றில் தொங்கவிட்டிருந்தது.

"முப்பத்திரண்டு கழுத்து உங்க மாமாவைத் தேடித்தான் திரும்பிச்சு. அதை எனக்குக் கழிக்கத் தெரியும்" என்று மேடம் கருவியை இரண்டுக்குத் திருகினார். "இந்த ஆள் எப்படி நடக்குறாரோ அப்படியே வரைஞ்சு குடுங்க. தடுமாறுறது, இடிச்சுக்கிறது ஒண்ணும் குறையக்கூடாது. தொடர் நிக்காது. ஆனா ஒண்ணு, இவர் நடக்குற இந்தப் பன்னிரண்டு நொடி வீடியோவும் கடைசியில அப்படியே டீவில போகணும்."

"சத்தியம் பண்ணியிருக்கேன் மேடம்."

வாசலில் நாற்காலியைக் கழற்ற இரண்டு ஆயாக்களோடு போராடிக்கொண்டிருந்த டாக்டர், முப்பத்திரண்டு ரசிகர்களைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "போகட்டும் விடு. இதுக்கு மேல என்ன மரியாதை பாக்கியிருக்கு?"

லிஃப்ட் மாமா இப்போது நாற்பதாவது பகுதியில் தரை அதிர நடக்கிறார். ஒவ்வொன்றின் முடிவிலும் நிஜ மாமா பன்னிரண்டு நொடி வருகிறார். க்ளினிக்கில் கூட்டம் தாங்கவில்லை. எல்லாம் வாண்டுகள். நாற்காலியில் ஏறியதும் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறார்கள். நர்ஸ் சொல்லாமலே அலமாரியிலிருந்து தலையணைகளை எடுத்துத் தருகிறார். டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வரை ஆடி ஆடிப் போய்த் திரும்புகிறார்.

போன வாரம் ஒரு ஐந்து வயதுக்காரி அதற்கும் வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்தபடியே சொன்னாள்: "டீவில இன்னும் நல்லா ஆட்டினீங்களே!"