பெட்டிக்கு ஆறு திருகாணி

கொம்பியூட்டர் பெட்டியின் மூடிக்கு ஆறு திருகாணிகள். சித்தப்பா கழற்றிக் கழற்றித் தர, எண்ணித் தேங்காய்ச் சிரட்டைக்குள் போட்டு, மூடும்வரை காவல் இருப்பது என் வேலை. கண்டதையெல்லாம் எண்ணிக் களைக்கிற பழக்கம் எனக்கு அங்கேதான் தொற்றியிருக்க வேண்டும். இப்போது மாத்திரைகளை எண்ணுகிறேன்.

கொழும்பில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, அந்தப் பெட்டியோடு எங்கள் ஊரான உடுவிலுக்கு வந்தவர் சித்தப்பா. வீட்டு முன்னறையில் கொம்பியூட்டர் வகுப்புத் தொடங்குவது அவருடைய எண்ணம். பெயர்ப்பலகைகூட எழுதியாயிற்று. அதன் பெயின்ற் நன்றாகக் காய்வதற்குள் சண்டை மூண்டு, குடாநாட்டுக்கே மின்சாரம் நின்றுபோனது. பிறகு வருடக்கணக்காக வரவேயில்லை. பலகை கோழிக்கூட்டுக்குக் கதவானது. பெட்டி மட்டும் மேசையில் இருந்தது.

ஞாயிறு தோறும் சித்தப்பா மூடியைக் கழற்றி, பெயின்ற் பிரஷால் தூசு தட்டுவார். பிரஷ் எட்டாத மூலைகளுக்குச் சைக்கிள் பம்பால் காற்றடிப்பார். குளவி மண்கூடு கட்டிவிடும் என்று பின்பக்கத்துத் துவாரங்களில் துணி அடைத்திருந்தார். போதாததற்குச் சின்னம்மா, அரிசிப் பானைக்குப் போடுவதுபோல, காய்ந்த வேப்பிலையை உள்ளே போட்டுவிடுவா. அதைப் பொறுக்குவதில் பாதி நேரம் போய்விடும்.

"உது என்ன அரிசியே, வண்டு பிடிக்க?" என்பார் சித்தப்பா.

"கரண்ட் இல்லாத சாமானை நீங்கள் துடைக்கலாம், நான் வேப்பிலை போடக்கூடாதோ?" என்பா சின்னம்மா.

இரண்டு வருடம் இப்படிப் போனபின், நாலு ஒழுங்கை தள்ளி ஒரு கலியாணம் வந்தது. வெளிச்சத்துக்கு ஜெனரேற்றர் பிடித்திருந்தார்கள். அதை இயக்க வந்தவர் சித்தப்பாவோடு படித்தவர். "கொண்டு வா மச்சான், ஒருக்கால் போட்டுப் பாப்பம்" என்று சொல்லி அனுப்பினார்.

திரைகூடத் தேவையில்லை, விசிறி சுற்றி, 'பீப்' என்று ஒரு சத்தம் கேட்டால் பெட்டி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். சித்தப்பா எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார். சைக்கிள் கரியரில் பெட்டியை வைத்துப் பழைய ரியூப்பால் கட்டினார். வயர் நிலத்தில் இழுபடாமல் சின்னம்மா அதைச் சுருட்டி, பழஞ்சீலைத் துண்டால் இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டா.

கலியாண வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "மாஸ்டர், பலகாரப் பெட்டியோ?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். ஒரு நாளும் வகுப்பு எடுக்காத மாஸ்டர்.

ஜெனரேற்றர் இரைந்தது. பந்தலில் மின்குமிழ் எரிந்தது. சித்தப்பா மூடியைக் கழற்றி, வேப்பிலையைப் பொறுக்கி, தூசு தட்டி, துவாரத்துத் துணிகளை இழுத்தெடுத்தார். ஆறு திருகாணிகளையும் திரும்பப் பூட்டினார். பிறகு வயர்ச் சுருளைக் கையில் எடுத்தார்.

"வயரைத் தா மச்சான். ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?"

சித்தப்பா சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய கட்டைவிரல் முடிச்சின் மேலேயே இருந்தது.

"இண்டைக்கு வேண்டாம்" என்றார். "கரண்ட் ஏறி இறங்குது. எரிஞ்சு போச்செண்டால் பிறகு ஒண்டும் செய்யேலாது."

நான் குமிழைப் பார்த்தேன். அது துளியும் மங்காமல் எரிந்துகொண்டிருந்தது. நண்பரும் அண்ணாந்து பார்த்தார். பிறகு பெட்டியைத் திரும்பக் கரியரில் கட்டக் கை கொடுத்தார்.

வீடு வரும்வரை சித்தப்பா சைக்கிளை உருட்டியே வந்தார். வாசல் படலையடியில் சின்னம்மா நின்றா.

"என்னவாம், வேலை செய்யுதோ?"

"ஓம். நல்லா வேலை செய்யுது."

நான் வாயைத் திறந்தேன். சின்னம்மா என் தோளில் கையை வைத்தா. மற்றக் கையால் வயரைத் தூக்கி, தான் போட்ட முடிச்சைத் தடவிப் பார்த்தா.

"அப்ப நல்லது" என்றா. "இனிக் கரண்ட் வந்தாற் சரி."

பிறகு முற்றத்து வேம்பில் ஒரு கொப்பு முறித்து, இலைகளை உருவிச் சுளகில் காயப் போட்டா. ஒரு மனுசி இவ்வளவு லேசாக ஏமாறுகிறாவே என்று அன்றைக்கு எனக்குப் பாவமாக இருந்தது.